சிமெய்ஸ் 147: பெங்களூரு வானில் மங்கிய நெபுலாவைப் படம்பிடித்தல்

ரிஷப ராசியும் தேரோட்டி விண்மீன் கூட்டமும் சந்திக்கும் இடத்தில், எருதின் வடக்குக் கொம்பு நுனியாகிய எல்நாத் விண்மீனுக்குச் சற்றுக் கிழக்கே, சிமெய்ஸ் 147 என்ற நெபுலா பரந்து கிடக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்துச் சிதறிய ஒரு பெருவிண்மீனின் எச்சம் அது. வானில் அதன் அகலம் சுமார் மூன்று டிகிரி. அந்த இடத்தில் ஆறு முழுநிலவுகளை வரிசையாக வைக்கலாம். ஏறக்குறைய 4,000 ஒளியாண்டுத் தொலைவில் இருப்பதால் அதன் உண்மையான குறுக்களவு 200 ஒளியாண்டைத் தாண்டும். இத்தனை பெரியதாக இருந்தும் அது வெறும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வீட்டில் வைத்திருக்கும் தொலைநோக்கியில் கண்ணை வைத்துத் தேடினாலும் அங்கே விண்மீன்கள் மட்டுமே தெரியும். ஒளிப்படத்தில்தான் நெபுலா உருவம் பெறுகிறது.

கிரிமியாவிலுள்ள சிமெய்ஸ் வானாய்வகத்தில் கிரிகோரி ஷாய்னும் வேரா காசேயும் 1950களின் தொடக்கத்தில் நெபுலாக்களின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தனர். அகன்ற புலம் கொண்ட ஷ்மிட் கேமராவின் படங்களில் அவர்கள் கண்ட 147ஆம் பொருள் இது. இடியாப்பம் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும் மெல்லிய இழைகளே இதன் அடையாளம். ஸ்பகெட்டி நெபுலா என்ற பட்டப்பெயரும் அதனால் வந்ததே. அன்று தொழில்முறை வானாய்வகங்களால் மட்டுமே எடுக்க முடிந்த இப்படத்தை இன்று வானியல் ஆர்வலர்கள் பெங்களூரு போன்ற வெளிச்சம் மிகுந்த நகரத்தின் மொட்டை மாடியிலிருந்தும் எடுக்க முடிகிறது. நெபுலா உமிழும் ஒருசில நிறங்களை மட்டும் பிரித்தெடுத்து, இரவு இரவாகச் சேர்த்துவைக்கும் முறைதான் இதைச் சாத்தியமாக்குகிறது.

எச்சம் ஒளிர்வது எப்படி

சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் நிறை கொண்ட விண்மீன்கள் பெரும்பாலும் வெடித்தே முடிகின்றன. அவற்றின் மையத்தில் ஹைட்ரஜன், ஹீலியம், கார்பன் என்று ஒவ்வொன்றாக எரிந்து தீர்ந்து கடைசியில் இரும்பு சேர்கிறது. இரும்பை மேலும் இணைப்பதால் ஆற்றல் கிடைப்பதில்லை. இரும்புக் கருவின் நிறை ஏறக்குறைய 1.4 சூரிய நிறையை எட்டும்போது, அதைத் தாங்கி நிற்கும் எலக்ட்ரான் அழுத்தம் ஈர்ப்புக்குத் தோற்கிறது. கரு நொடிக்குள் சரிந்து நியூட்ரான் விண்மீனாகிறது. வெளியடுக்குகள் சிதறிப் பறக்கின்றன. இதுவே சூப்பர்நோவா. 1.4 என்ற அந்த எல்லைக்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர். சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்து 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது, 19 வயது சுப்ரமணியன் சந்திரசேகர் வழியிலேயே போட்ட கணக்கிலிருந்து அது வளர்ந்தது. வெண்குறு விண்மீன்கள் ஓர் அளவுக்குமேல் நிறையைத் தாங்க முடியாது என்று காட்டிய அந்த ஆய்வு, பின்னாளில் விண்மீன்களின் முடிவை விளக்கும் அடித்தளமாயிற்று. 1983இல் அவர் நோபல் பரிசு பெற்றார்.

வெடிப்பில் வீசப்பட்ட பொருள் முதலில் நொடிக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. விண்மீன்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வாயுவை வாரிக்கொண்டே போவதால் சில நூறு ஆண்டுகளில் அதன் வேகம் குறையத் தொடங்குகிறது. பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்தபின், அதிர்ச்சி அலையின் பின்னால் நெருக்கப்பட்ட வாயு குளிர்ந்து மெல்லிய தகடுகளாகப் படிகிறது. இந்த முதிர்ந்த கட்டத்தில்தான் சிமெய்ஸ் 147 இருக்கிறது. அதன் இழைகள் இப்போது நொடிக்கு ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகத்தில் விரிகின்றன. இழைகள் என்று படத்தில் தெரிபவை உண்மையில் நெளிந்த வாயுத் தகடுகள். தகடு பக்கவாட்டில் திரும்பியிருக்கும் இடத்தில் பார்வைக் கோட்டில் அதிக வாயு அடுக்கடுக்காக வருவதால் அங்கே பிரகாசமான கோடு தெரிகிறது. நேர்முகமாக இருக்கும் இடம் மங்கிவிடுகிறது.

இப்படிக் குளிரும் வாயு, விண்மீன்களைப் போல எல்லா நிறங்களிலும் ஒளிர்வதில்லை. அதன் அணுக்கள் தத்தமக்குரிய அலைநீளங்களில் மட்டும் ஒளியை விடுகின்றன. ஹைட்ரஜன் 656.3 நானோமீட்டரில் ஆழ்ந்த சிவப்பாக ஒளிர்கிறது. இதை ஹைட்ரஜன் ஆல்ஃபா என்பர். இரு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 500.7 நானோமீட்டரில் நீலப்பச்சையாகவும், ஓர் எலக்ட்ரானை இழந்த கந்தகம் 671.6, 673.1 நானோமீட்டர்களில் இன்னும் ஆழ்ந்த சிவப்பாகவும் ஒளிர்கின்றன. மங்கிய எச்சத்தைப் படம்பிடிக்கும் கலை முழுவதும் இந்தச் சில கோடுகளைச் சுற்றியே அமைந்திருக்கிறது.

மங்கலின் அளவு

விண்பொருள்களின் ஒளியை அளக்கும் பொலிவெண் முறைக்கு இன்றுள்ள கணித வடிவத்தை 1856இல் தந்தவர் நார்மன் போக்சன். 1861 முதல் 1891இல் இறக்கும்வரை சென்னை வானாய்வகத்தில் அரசு வானியலாளராக இருந்தவர் அவர். ஐந்து பொலிவெண் வேறுபாடு என்றால் ஒளியில் நூறு மடங்கு வேறுபாடு என்பது அவர் வகுத்த விதி. எண் கூடக்கூட ஒளி குறையும்.

நெபுலா போன்ற பரந்த பொருளுக்கு மொத்த ஒளியை விட, அதன் ஒரு சிறு சதுரத்திலிருந்து எவ்வளவு ஒளி வருகிறது என்பதே முக்கியம். பின்னணி வானத்தையும் இதே அளவுகோலால் அளக்கலாம். மாசற்ற இருண்ட வானத்தில் ஒரு சதுர விகலையின் (விகலை என்பது டிகிரியைவிட மிகச் சிறிய கோண அளவு) பொலிவெண் 22ஐ நெருங்கும். பெருநகர மையங்களில் அது 17 அல்லது 18 ஆகிவிடுகிறது. அதாவது நகர வானம் இருண்ட வானத்தைவிட 40 முதல் 100 மடங்குவரை வெளிச்சமானது. சிமெய்ஸ் 147இன் இழைகளோ இருண்ட வானத்தின் இயல்பான ஒளியைவிடவும் மங்கியவை. நகர வெளிச்சத்தில் அவை முற்றிலும் மூழ்கிப்போகின்றன.

பெங்களூருவின் வாய்ப்பு

மங்கிய எச்சங்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பருவம். அன்னம் விண்மீன் கூட்டத்திலுள்ள சிக்னஸ் வளையம், 1784இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டது, சிமெய்ஸ் 147ஐவிட மிகவும் பிரகாசமானது. ஆனால் அது இரவில் உச்சிக்கு வரும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் பெங்களூருவில் பருவமழை மேகம் விலகுவதில்லை. தென்வானிலுள்ள வேலா எச்சம் பிப்ரவரி, மார்ச்சில் தெளிவான வானில் வந்தாலும், பெங்களூருவின் அட்சரேகையில் 32 டிகிரி உயரத்துக்கு மேல் எழுவதில்லை. அந்த உயரத்தில் தூசும் நகர வெளிச்சமும் அடர்த்தியாக இருக்கும்.

சிமெய்ஸ் 147க்கு இரண்டு தடையும் இல்லை. டிசம்பர் நடுவில் நள்ளிரவையொட்டி அது உச்சியைக் கடக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் தெளியும் காலம் அது. பெங்களூரு வட அட்சம் 13 டிகிரியிலும் நெபுலா வட நடுவரை விலக்கம் 28 டிகிரியிலும் இருப்பதால், தலைக்கு நேர் மேலிருந்து 15 டிகிரி மட்டுமே வடக்கே தள்ளிப் போகிறது. ஓர் இரவில் எட்டு மணி நேரத்துக்கு மேல் அது 30 டிகிரி உயரத்துக்கு மேலேயே இருக்கும். உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. நகரத்தின் ஒளிக்கூடாரமும் உச்சியில்தான் மெலிந்திருக்கும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதும் நகருக்கு ஓரளவு சாதகம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மூன்று மாதமே வேலைக்கு உரிய காலம். மார்ச்சுக்குப் பின் நெபுலா மாலையிலேயே மேற்கே சாய்ந்துவிடும்.

நகரை விட்டு 80, 100 கிலோமீட்டர் தள்ளிப் போனால் பலன் பெரிது. பின்னணி வானம் மூன்று பொலிவெண் இருண்டால் வெளிச்சம் 16 மடங்கு குறைகிறது. அதே தரத்தில் படம் எடுக்கத் தேவைப்படும் நேரமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் சுருங்குகிறது. கோரமங்களாவில் தலைமையகம் கொண்ட இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் நிறுவியதற்கும், 2 மீட்டர் இமாலயச் சந்திரா தொலைநோக்கியை லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் வைத்ததற்கும் இருண்ட வானம் ஒரு முக்கியக் காரணம். சந்திரசேகரின் பெயரைத் தாங்கும் அந்த ஹான்லே தொலைநோக்கியை, பெங்களூருவுக்கு அருகே ஹொசகோட்டேயிலுள்ள மையத்திலிருந்தே செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள்.

சிறிய தொலைநோக்கி ஏன் போதும்

மங்கிய பொருளுக்குப் பெரிய தொலைநோக்கி வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. சிமெய்ஸ் 147க்கு அது பொருந்தாது. இமாலயச் சந்திரா தொலைநோக்கியில் படமெடுக்கப் பயன்படும் முக்கியக் கருவியின் புலம் ஏறக்குறைய 10 கலை அகலம் கொண்டது. மூன்று டிகிரி, அதாவது 180 கலை அகலமுள்ள இந்த நெபுலாவை அதில் முழுமையாக எடுக்க 18 வரிசையில் 18 படமாக, மொத்தம் 324 படங்களை ஒட்ட வேண்டியிருக்கும். அது தொலைதூரப் பொருள்களை நுணுக்கமாக ஆராயவே வடிவமைக்கப்பட்டது.

பரந்த நெபுலாவுக்குக் குறுகிய குவிய நீளம் வேண்டும். ஏபிஎஸ்-சி அளவுள்ள சென்சாரை 250 மில்லிமீட்டர் குவிய நீளமுள்ள தொலைநோக்கியில் பொருத்தினால் சுமார் 5.4 டிகிரிக்கு 3.6 டிகிரி புலம் கிடைக்கும். நெபுலா அதில் விளிம்பு படாமல் அடங்கும். அத்தகைய தொலைநோக்கியின் முன்வில்லை 50 மில்லிமீட்டர் விட்டமே இருக்கும். ஒரு கையால் தூக்கிவிடலாம்.

படத்தில் பரந்த பொருள் எவ்வளவு விரைவில் பதியும் என்பதைக் குவிய விகிதம் தீர்மானிக்கிறது. குவிய நீளத்தை விட்டத்தால் வகுத்தால் வருவது அது. 250 மில்லிமீட்டர் நீளமும் 50 மில்லிமீட்டர் விட்டமும் இருந்தால் விகிதம் 5. விகிதம் பாதியானால், சென்சாரின் ஒவ்வொரு பிக்சலிலும் நான்கு மடங்கு ஒளி விழும். விகிதம் 2 கொண்ட 135 மில்லிமீட்டர் கேமரா லென்சைக்கூடப் பலர் இந்த வேலைக்கு விரும்புவது அதனால்தான். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு: குறிப்பிட்ட நிறத்தை மட்டும் கடத்தும் ஃபில்டரில் ஒளி மிகச் சாய்ந்து விழும்போது அது கடத்தும் அலைநீளம் நீலப் பக்கமாக நகர்கிறது. மிகக் குறுகிய ஃபில்டர் வைத்திருந்தால் நெபுலாவின் ஒளியே விளிம்பில் வெட்டுப்பட்டுவிடும். வேகமான லென்சுகளுக்கு அந்த நகர்வைக் கணக்கிட்டுச் செய்த ஃபில்டர்கள் தனியே கிடைக்கின்றன.

வானத்தோடு சுழலும் தாங்கி

பூமி சுழல்வதால் விண்மீன்கள் நொடிக்கு 15 விகலை வீதம் மேற்கே நகர்கின்றன. மேலே சொன்ன தொலைநோக்கியில் ஒரு பிக்சலின் அளவு சுமார் 3 விகலை. எனவே கருவி அசையாமல் நின்றால் ஒரு விண்மீன் நொடியின் ஐந்தில் ஒரு பங்கிலேயே அடுத்த பிக்சலுக்குப் போய்விடும். இதைச் சரிக்கட்ட, பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்திய ஓர் அச்சைச் சுற்றித் தொலைநோக்கியைத் திருப்பும் ஈக்வடோரியல் மவுன்ட் பயன்படுகிறது. முழு முயற்சியிலும் அதிகக் கவனம் கேட்பது இந்த மவுன்ட்தான். பணத்தைத் தொலைநோக்கியைவிட இதில் செலவிடுவதே நல்லது.

மவுன்டின் அச்சைத் துருவத்தை நோக்கி நிறுத்துவது தென்னிந்தியாவில் கடினம். துருவ விண்மீனின் உயரம் ஏறக்குறைய ஓர் இடத்தின் அட்சரேகைக்குச் சமம் என்பதால், பெங்களூருவில் அது அடிவானத்திலிருந்து 13 டிகிரியில் மட்டுமே நிற்கிறது. அடுக்குமாடிகளும் புகைமூட்டமும் அதை மறைத்துவிடுகின்றன. சில மவுன்ட்களை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்க முடியாது. சாய்த்தால் எதிர்எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, உயரமான இடைத்தூணை மாட்டி மவுன்டை மேலே தூக்குவது. மற்றொன்று, துருவ விண்மீனைப் பார்க்காமலேயே, வானின் வேறு பகுதியில் மூன்று படங்களை எடுத்து அவற்றிலுள்ள விண்மீன்களின் நிலையைக் கணினியில் ஒப்பிட்டு அச்சின் பிழையைக் கண்டு திருத்துவது.

அச்சு சரியாக நின்றாலும் பல்சக்கரங்களின் சிறு குறைகளால் கருவி முன்னும் பின்னும் ஊசலாடும். அதனால் பிரதானத் தொலைநோக்கியின் முதுகில் மற்றொரு சிறு தொலைநோக்கியும் கேமராவும் பொருத்தப்படுகின்றன. அந்தக் கேமரா ஒரு விண்மீனைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். அது விலகும்போதெல்லாம் கணினி மவுன்டுக்குத் திருத்தம் அனுப்பும். கண்ணுக்குத் தெரியாத நெபுலாவைச் சட்டத்தின் நடுவில் கொண்டுவருவதும் கணினியின் வேலையே. சோதனைப் படத்திலுள்ள விண்மீன் அமைப்பைப் பட்டியலோடு ஒப்பிட்டு, தொலைநோக்கி நோக்கும் இடத்தை அது துல்லியமாகச் சொல்லிவிடுகிறது.

கேமராவும் ஃபில்டரும்

சாதாரண கேமராக்களின் சென்சாருக்கு முன்னால், மனிதத் தோலின் நிறம் இயல்பாக வர, ஆழ்ந்த சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் பெரும்பகுதி அதிலேயே நின்றுவிடும். அந்தக் கண்ணாடியை அகற்றிய கேமராவையோ வானியலுக்கென்றே செய்த கேமராவையோ பயன்படுத்த வேண்டும். வண்ண சென்சாரில் நான்கு பிக்சலுக்கு ஒன்று மட்டுமே சிவப்பை வாங்குகிறது. கறுப்பு வெள்ளை சென்சாரில் எல்லாப் பிக்சல்களும் வாங்கும். ஆகவே மங்கிய எச்சங்களுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் தனித்தனி ஃபில்டருடன் கறுப்பு வெள்ளைக் கேமராவே ஏற்றது. வண்ணக் கேமரா வைத்திருப்போர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் ஒன்றாகக் கடத்தும் இரட்டை ஃபில்டரைப் பயன்படுத்தலாம், நேரம் கூடுதலாகும்.

சென்சார் சூடாக இருந்தால் ஒளியே விழாவிட்டாலும் எலக்ட்ரான்கள் சேர்ந்துகொண்டிருக்கும். ஆறேழு டிகிரி குளிர்விக்கும்போதெல்லாம் இது பாதியாகக் குறையும். வானியல் கேமராக்களில் உள்ள மின்குளிரூட்டி சென்சாரைச் சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரிவரை குளிர்விக்கும். பெங்களூருவின் டிசம்பர் குளிரில் மைனஸ் 10 டிகிரியை அது எளிதில் எட்டுகிறது.

ஃபில்டரின் பயனை ஒரு கணக்கால் விளக்கலாம். கண்ணுக்குப் புலப்படும் ஒளி 400 முதல் 700 நானோமீட்டர்வரை, அதாவது 300 நானோமீட்டர் அகலம். ஹைட்ரஜன் ஆல்ஃபாவைச் சுற்றி 3 நானோமீட்டரை மட்டும் கடத்தும் ஃபில்டரை வைத்தால், பரவலான நகர வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கே உள்ளே வரும். நெபுலாவின் ஒளியோ ஏறக்குறைய முழுவதும் வந்துவிடும். ஒரு பிக்சலில் நெபுலாவிலிருந்து 100 ஃபோட்டான்களும் ஃபில்டர் வழியே வந்த வானத்திலிருந்து 900 ஃபோட்டான்களும் சேர்ந்ததாகக் கொள்வோம். ஃபோட்டான்கள் ஒழுங்கற்று வருவதால், சேரும் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருந்தே தீரும். மொத்தம் 1,000 என்றால் ஏற்ற இறக்கம் சுமார் 32. நெபுலாவின் 100 அதைவிட மூன்று மடங்கு என்பதால் இழை தெரியும். ஃபில்டர் இல்லாவிட்டால் வானத்தின் பங்கு 90,000 ஆகும். ஏற்ற இறக்கம் 300. அதில் நெபுலாவின் 100 கரைந்துவிடும். அதே தெளிவைப் பெற 90 மடங்கு நேரம் படமெடுக்க வேண்டும்.

பழைய சோடியம் தெருவிளக்குகளின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் குறுகிய அலைநீள வரம்பில் அடங்கியிருந்ததால் ஃபில்டர்கள் அதில் பெரும்பகுதியைத் தடுத்தன. இன்றைய வெள்ளை எல்இடி விளக்குகள் எல்லா நிறங்களிலும் பரவி ஒளிர்வதால் அவற்றில் ஒரு பகுதி எந்த ஃபில்டரிலும் நுழைந்துவிடும். ஃபில்டர் எவ்வளவு குறுகியதோ அவ்வளவு நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். 7 நானோமீட்டர் ஃபில்டர் அருகே 658.4 நானோமீட்டரிலுள்ள நைட்ரஜன் கோட்டையும் சேர்த்தே கடத்தும். 3 நானோமீட்டர் ஃபில்டர் பெரும்பாலும் ஹைட்ரஜனை மட்டும் தரும்.

இரவு வேலை

நெபுலாவின் ஒளியை ஒரே நீண்ட படமாக எடுப்பதில்லை. ஐந்து நிமிடப் படங்களாக எடுத்தால் 20 மணி நேரத்துக்கு 240 படங்கள் கிடைக்கும். ஒவ்வொரு படத்திலும் வானத்தின் ஒளி, கேமராவின் வாசிப்பு இரைச்சலை மிஞ்சும் அளவுக்கு நீண்டிருந்தால் போதும். காற்றடித்தோ மேகம் கடந்தோ ஒரு படம் கெட்டால் இழப்பு ஐந்து நிமிடமே. நகரின் மேலே பறக்கும் விமானங்களும் செயற்கைக்கோள்களும் விடும் கோடுகள் ஒவ்வொரு படத்திலும் வெவ்வேறு இடத்தில் விழுவதால், படங்களை ஒப்பிடும்போது கணினி அவற்றை நீக்கிவிடும்.

குவியத்தை ஒருமுறை பிரகாசமான விண்மீனில் சரிசெய்தால் மட்டும் போதாது. இரவு குளிரக் குளிரக் குழல் சுருங்குவதால் குவியம் நகரும். ஒவ்வொரு ஃபில்டருக்கும் அது சற்று வேறுபடும். ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை திருத்த வேண்டும். பெங்களூருவின் பனிக்கால அதிகாலைகளில் ஈரப்பதம் அதிகம்; வில்லையைச் சுற்றிச் சிறு சூடேற்றும் பட்டை கட்டாவிட்டால் பனி படிந்து இரவு முழுதும் வீணாகும். நெபுலா உச்சியைக் கடந்ததும் தொலைநோக்கியை மவுன்டின் மறுபக்கத்துக்குப் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் தொலைநோக்கி முக்காலியில் மோதும்.

எந்த இரவில் எந்த ஃபில்டர் என்பதை நிலவு தீர்மானிக்கிறது. நிலவொளி காற்றில் சிதறும்போது நீலப் பகுதியே அதிகம் பரவும். ஆகவே ஆக்சிஜன் படங்களை அமாவாசையை ஒட்டிய இரவுகளுக்கு வைத்துக்கொண்டு, நிலவு இருக்கும் இரவுகளில் ஹைட்ரஜன், கந்தகப் படங்களை எடுப்பது வழக்கம். சிமெய்ஸ் 147இல் ஆக்சிஜனின் ஒளி ஹைட்ரஜனைவிட மிகவும் மங்கியது என்பதால் அதற்கே அதிக மணி நேரம் ஒதுக்க வேண்டும். படத்துக்குப் படம் தொலைநோக்கியைச் சில பிக்சல்கள் தள்ளி நிறுத்துவதும் அவசியம். சென்சாரின் நிலையான குறைகள் அப்போது ஒரே இடத்தில் சேராமல் கரைந்துபோகும்.

அடுக்குதல்

எடுத்த படங்களோடு மூன்று வகைத் திருத்தப் படங்களும் தேவை. மூடியைப் போட்டு அதே வெப்பநிலையில் அதே நேரத்துக்கு எடுக்கும் இருட்டுப் படங்கள், சென்சாரில் தானாகச் சேரும் எலக்ட்ரான்களைக் காட்டும். முன்வில்லையை வெள்ளைத் துணியால் மூடிச் சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படங்கள், ஃபில்டரிலுள்ள தூசின் நிழலையும் விளிம்பின் மங்கலையும் காட்டும். மிகக் குறுகிய நேரப் படங்கள் கேமராவின் அடிப்படை அளவைக் காட்டும். வானத்தைவிட ஓரிரு சதவீதமே பிரகாசமான இழையைத் தேடும்போது, திருத்தாமல் விட்ட ஒரு தூசு நிழல்கூட நெபுலாவாகத் தோன்றிவிடும். ஆகவே இந்தப் படங்களில் காட்டும் அக்கறை வீண்போவதில்லை.

திருத்திய படங்களை விண்மீன்களின் நிலைப்படி பொருத்தி அடுக்கினால், நெபுலாவின் ஒளி படங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூடுகிறது; இரைச்சல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே கூடுகிறது. நான்கு மடங்கு படங்கள் சேர்ந்தால் தெளிவு இரண்டு மடங்காகும். முதல் சில மணி நேரத்தில் பெரிய முன்னேற்றமும், அதன்பின் மெதுவான முன்னேற்றமும் வருவது இந்த விதியால்தான்.

அடுக்கிய படமும் முதலில் கறுப்பாகவே இருக்கும், ஏனெனில் நெபுலாவின் அளவுகள் அனைத்தும் இருண்ட முனையில் நெருங்கிக் கிடக்கின்றன. அந்த முனையை மட்டும் விரித்துக் காட்டும்போது இழைகள் எழுகின்றன. பால்வெளியின் ஆயிரக்கணக்கான விண்மீன்கள் அவற்றை மறைப்பதால், விண்மீன்களை மென்பொருளால் தனியே பிரித்து, நெபுலாவைச் செப்பனிட்டபின் மீண்டும் சேர்ப்பது வழக்கம். ஹைட்ரஜனைச் சிவப்பிலும் ஆக்சிஜனை நீலத்திலும் வைத்தால் உண்மைக்கு நெருங்கிய நிறம் வரும். கந்தகத்தைச் சிவப்பிலும் ஹைட்ரஜனைப் பச்சையிலும் ஆக்சிஜனை நீலத்திலும் வைப்பது ஹபிள் தொலைநோக்கிப் படங்களால் பரவிய முறை. எந்த அணு எங்கே இருக்கிறது என்பதை அது தெளிவாகப் பிரித்துக் காட்டும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று படத்தோடு எழுதிவைக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவால் கூர்மையாக்கும் மென்பொருள்கள் இரைச்சலிலிருந்தே பொய்யான இழைகளை உருவாக்கக்கூடும். புதிதாகத் தெரியும் எந்த இழையையும் படங்களை இரண்டு தொகுதியாகப் பிரித்து அடுக்கிச் சோதிக்க வேண்டும். இரண்டிலும் இருந்தால்தான் அது வானத்தில் இருப்பது.

படத்துக்கு அப்பால்

இழை இழையாக ஒளிரும் எல்லா நெபுலாவும் வெடிப்பின் எச்சமல்ல. அருகிலுள்ள சூடான விண்மீனால் ஒளிரும் வாயுவில் கந்தகக் கோடு வலுவற்றது. அதிர்ச்சி அலை கடந்த வாயுவில் அது ஹைட்ரஜன் ஆல்ஃபாவின் 0.4 பங்குக்கு மேல் இருக்கும். ஆகவே கந்தகப் படம் அழகுக்காக மட்டும் எடுப்பதல்ல, எச்சத்தை அடையாளம் காணும் சான்றும் அதுவே. இன்னொரு சான்று ரேடியோ அலைகளில் கிடைக்கிறது. காந்தப்புலத்தில் சுழலும் வேகமான எலக்ட்ரான்கள் அவற்றை உமிழ்கின்றன. பெங்களூருவுக்கு வடக்கே கௌரிபிதனூரில் இந்திய வான் இயற்பியல் நிறுவனமும் ராமன் ஆராய்ச்சி நிறுவனமும் அமைத்த 34.5 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ தொலைநோக்கி, ஆயிரம் ஆண்டெனாக்களை டி வடிவில் பரப்பி, சிக்னஸ் வளையத்தையும் வேலா எச்சத்தையும் அந்தத் தாழ்ந்த அலைவரிசையில் ஆராய்ந்தது. நமது பால்வெளியில் அறியப்பட்டுள்ள சுமார் 300 எச்சங்களில் பெரும்பாலானவை ரேடியோவில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. தூசு மறைப்பதால் கண்ணுக்குரிய ஒளியில் அவற்றுள் சிறு பகுதியே தெரிகிறது.

சிமெய்ஸ் 147 பால்வெளி மையத்துக்கு நேர் எதிர்த்திசையில் இருப்பதால் தூசு குறைவு. 1996இல் அதன் எல்லைக்குள் ஒரு பல்சார் கண்டறியப்பட்டது. நொடிக்கு ஏழு முறை சுழலும் அந்த நியூட்ரான் விண்மீன் நெபுலாவின் மையத்திலிருந்து விலகி ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டால் வெடிப்பு 30,000 முதல் 40,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்று வருகிறது. வெடித்த விண்மீனுக்கு இணையாக இருந்து, வெடிப்பில் விடுபட்டு ஓடும் மற்றொரு விண்மீனையும் 2015இல் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். காமா கதிர்களிலும் அண்மையில் எக்ஸ் கதிர்களிலும்கூட இந்த எச்சம் தென்பட்டுள்ளது.

இந்த ஆய்வுகளில் ஆர்வலர்களின் படங்களுக்கும் இடமுண்டு. பெரிய தொலைநோக்கிகளின் நேரத்துக்குப் போட்டி அதிகம். ஒரே பொருளுக்கு நூறு மணி நேரம் தர வானாய்வகங்கள் எளிதில் முன்வருவதில்லை. சிறிய தொலைநோக்கி வைத்திருப்போரால் அது முடியும். அமெரிக்க வானியலாளர் ராபர்ட் ஃபெசன் ஆர்வலர்களோடு சேர்ந்து 2024இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் எடுத்த ஆழ்ந்த படங்களைக் கொண்டு ஏற்கெனவே அறிந்த ஒன்பது எச்சங்களின் புதிய அமைப்புகளையும் புதிதாக மூன்று எச்சங்களையும் அறிவித்தது. இந்தியாவில் இதற்கான சூழல் வளர்ந்துவருகிறது. 2022இல் ஹான்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் பரப்பு இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நாடெங்குமுள்ள ஆர்வலர்களை அங்கே அழைத்து முகாம் நடத்துகிறது. கிராமத்தினர் விளக்குகளுக்கு மறைப்பு போட்டு வானத்தைக் காக்கிறார்கள். ஒளியைத் தரைப்பக்கம் மட்டும் திருப்பும் விளக்குக் கூடுகளும், தேவையில்லாத நேரத்தில் அணைக்கும் வழக்கமும் பெங்களூருவில் பரவினால், ஃபில்டர்கள் இன்று செய்யும் வேலையில் ஒரு பகுதியை நகரமே செய்துவிடும். 20 மணி நேரம் கேட்கும் படம் அதனினும் குறைந்த நேரத்தில் முடியும்.